ஆறு பிரதிகளில் ஒரு எழுத்துப்பிழை

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "ட்ரோபோனின் நார்மல்தான் சார். ஆனா சில மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணும், அதுவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் டூட்டி டாக்டர். இரண்டாவது ரிப்போர்ட்டும் நார்மல். அப்பா காலையில் கேன்டீன் இட்லியைக் குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த ஒரு வார்த்தையை விட்டு வெளியே வர முடியாமல் போனது எனக்குத்தான்.

ட்ரோபோனின் என்றால் என்ன? ஏன் இரண்டு தடவை பார்க்கிறார்கள்? வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தது, இன்றுவரை முடியவில்லை. முன்னாடியே சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்து, பத்தாவதோடு உயிரியலுக்கு முழுக்குப் போட்டவன். பிழைப்பு சாஃப்ட்வேர். அதனாலேயோ என்னவோ, இந்த விஷயத்தில் டாக்டர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் ஒன்று எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ட்ரோபோனின் ஒரே புரதம் இல்லை, மூன்று புரதங்களின் கூட்டணி: சி, ஐ, டி. தசை நாரில் உட்கார்ந்திருக்கும். இதில் சி என்பதுதான் கால்சியத்தைப் பிடிப்பது. கால்சியம் வந்து ஒட்டியதும் சி தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும், அது மற்ற இரண்டையும் நகர்த்தும், தசை சுருங்கும். இதயத் தசை செத்தால் உடைந்த செல்களிலிருந்து இந்தப் புரதங்கள் ரத்தத்தில் கசியும். கசிந்து அளவு ஏறுவதற்குச் சில மணி நேரம் ஆகும். இரண்டாவது தடவை ரத்தம் எடுப்பது அதற்காகத்தான். லேபில் அளப்பது ஐ அல்லது டி. சி-யை அளப்பதில்லை, ஏனென்றால் இதயத்தில் இருக்கும் அதே சி கை கால் தசைகள் சிலவற்றிலும் உண்டு. எங்கிருந்து கசிந்தது என்று சொல்ல முடியாது.

சரி, கால்சியம் வந்து ஒட்டினால் ஒரு புரதம் ஏன் உருவத்தை மாற்ற வேண்டும்? அங்கேதான் கதை ஆரம்பம்.

செல்லுக்குள் கால்சியத்துக்கு இடமில்லை

கால்சியம் என்றால் நமக்கு எலும்பு, பல், பால். ஆனால் அதற்கு இன்னொரு வேலை இருப்பது 1880-களில் லண்டனில் ஒரு தற்செயலால் தெரியவந்தது. சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளை இதயங்களை உப்புக் கரைசலில் போட்டுத் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்காமல் லண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரித்திருக்கிறார்கள் என்று. சுத்தமான நீரில் திரும்பச் செய்தபோது இதயம் தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் துடிப்பைக் காப்பாற்றியிருக்கிறது. 1883-ல் இதை அவர் எழுதி வெளியிட்டார்.

இப்போது நமக்குத் தெரிந்த படம் இது. செல்லுக்கு வெளியே, ரத்தத்தில் கால்சியம் தாராளம். செல்லுக்கு உள்ளே அதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். செல் மின்சாரக் கட்டணம் மாதிரி தன் ஆற்றலைச் செலவழித்து, இரவும் பகலும் கால்சியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. காரணம் எளிது. செல்லின் ஆற்றல் நாணயமே பாஸ்பேட். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் கரையாமல் படியும். எலும்புக்கு அது நல்லது, செல்லுக்குள் நடந்தால் சாவு.

ஆனால் வெளியே தள்ளிவைத்த அந்த விஷயத்தையே செல் சமிக்ஞையாகவும் மாற்றிக்கொண்டது. உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை என்பதால், ஒரு கதவைக் கொஞ்சம் திறந்தாலே அளவு பத்து மடங்கு ஏறிவிடும். அமைதியான தெருவில் ஒரு ஹாரன் அடித்தால் எல்லார் காதிலும் விழுமே, அப்படி. தசை சுருங்குவது, நரம்பு செய்தி அனுப்புவது, இன்சுலின் சுரப்பது எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஹாரன்தான்.

ஹாரன் அடித்தால் போதாது, கேட்பதற்குக் காது வேண்டும். அந்தக் காதுகள்தான் கால்சியம் பிணைக்கும் புரதங்கள்.

வலது கையை நீட்டுங்கள்

சுட்டுவிரலை நேராக நீட்டுங்கள். கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். மற்ற விரல்களை மடக்குங்கள். சுட்டுவிரல் ஒரு சுருள், கட்டைவிரல் இன்னொரு சுருள், நடுவில் மடங்கிய விரல் ஒரு வளைவு. அந்த வளைவுதான் கால்சியத்தின் இருக்கை. பன்னிரண்டு அமினோ அமிலங்கள் நீளம். அதிலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் ஏழு பக்கமாகக் கால்சியத்தைச் சூழ்ந்து பிடிக்கும்.

கெண்டை மீனின் வகையைச் சேர்ந்த கார்ப் மீன் தசையிலிருந்து எடுத்த பார்வல்புமின் என்ற புரதத்தில் இந்த அமைப்பை ராபர்ட் கிரெட்சிங்கர் 1973-ல் விவரித்தார். அந்தப் புரதத்தில் சுருள்களுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்துக்கொண்டே போனபோது இந்த இரண்டும் இ, எஃப் என்று அமைந்தன. அதனால் பெயர் 'இஎஃப் கை'. மீன் சாப்பிட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கிறதே, அந்த அலர்ஜியைக் கிளப்பும் முக்கியப் புரதமும் இதே பார்வல்புமின்தான். வேகவைத்தாலும் எளிதில் குலையாத புரதம்.

மனித உடம்பில் இந்தக் 'கை' உள்ள புரதங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ட்ரோபோனின் சி அதில் ஒன்று. ஆனால் எல்லாவற்றுக்கும் தலைவர் ஒருவர் இருக்கிறார்: கால்மாடுலின்.

1970-ல் வாய் யூ செங்கும், ஜப்பானில் ஷிரோ காகியுச்சியும் தனித்தனியாகக் கண்டுபிடித்த புரதம் இது. நான்கு கைகள். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் வளையக்கூடிய ஒரு இணைப்பு. கால்சியம் வந்து உட்கார்ந்ததும் கைகள் விரியும், உள்ளே மறைந்திருந்த எண்ணெய்ப் பசையான பகுதி வெளியே தெரியும், அதைக் கொண்டு வேறொரு புரதத்தைக் கட்டிப்பிடிக்கும். கட்டிப்பிடிக்கப்பட்ட புரதம் வேலையை ஆரம்பிக்கும், அல்லது நிறுத்தும். சாஃப்ட்வேர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நூற்றுக்கணக்கான ப்ரோகிராம்கள் கூப்பிடும் ஒரு பொது லைப்ரரி.

மூன்று மரபணு, ஒரே புரதம்

என் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான்.

நம் உடம்பில் கால்மாடுலினுக்கு ஒரு மரபணு இல்லை, மூன்று இருக்கின்றன. கால்ம்1, கால்ம்2, கால்ம்3. 14-வது, 2-வது, 19-வது குரோமோசோம்களில் தனித்தனியாக. மூன்றின் டிஎன்ஏ எழுத்துகளும் நிறைய இடங்களில் வேறுபடும். ஆனால் அவை தயாரிக்கும் புரதம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. 149 அமினோ அமிலங்களில் ஒன்றுகூட மாறாது. சோர்ஸ் கோட் மூன்று, கம்பைல் செய்தால் வரும் பைனரி ஒன்று. அதுமட்டுமில்லை, கோழிக்கும் மாட்டுக்கும் நமக்கும் இதே புரதம்தான். கோடிக்கணக்கான வருடங்களாக முதுகெலும்புள்ள பிராணிகளின் பரிணாமம் இந்தப் புரதத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடவில்லை.

ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஆக மொத்தம் ஆறு பிரதி.

முக்கியமான சர்வரை நாங்கள் இரண்டு இடத்தில் வைப்போம், ரொம்ப முக்கியம் என்றால் மூன்று. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். இங்கே இயற்கை ஆறு வைத்திருக்கிறது. அப்படியென்றால் ஒன்றில் பழுது வந்தால் ஒன்றும் ஆகாது என்றுதானே நினைப்போம்? ஆராய்ச்சியாளர்கள் பலரும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள்: ஒன்று, மற்ற பிரதிகள் ஈடு கட்டிவிடும். இல்லையென்றால், இவ்வளவு அடிப்படையான புரதத்தில் கோளாறு இருந்தால் கரு தங்கவே தங்காது. நடுவில் ஒரு நோய் இருக்க வாய்ப்பில்லை.

2012-ல் அந்த எண்ணம் உடைந்தது. ஸ்வீடனில் ஒரு பெரிய குடும்பம். தலைமுறை தலைமுறையாக, ஓடும்போதோ உணர்ச்சிவசப்படும்போதோ மயங்கி விழுபவர்கள், இளம் வயதில் திடீரென்று இறப்பவர்கள். மெத்தே நியூகோர் தலைமையிலான டென்மார்க் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது கால்ம்1 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அடுத்த வருடமே இத்தாலிய மருத்துவர் லியா க்ரோட்டியும் குழுவும், திரும்பத் திரும்ப இதயம் நின்றுபோன இரண்டு கைக்குழந்தைகளிடம் கால்ம்1, கால்ம்2 பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோய்களுக்கு இன்று கால்மாடுலினோபதி என்று பொதுப் பெயர். ரொம்ப அரிது. 2023-ல் வெளியான சர்வதேசப் பதிவேட்டில் இருந்தவர்கள் 140 பேர்.

ஆறில் ஐந்து நன்றாக இருக்கும்போது எப்படி?

கதவை மூடும் வேலை

இதயத் துடிப்பு ஒன்றை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். மின்சார அலை வருகிறது. இதய செல்லின் மேல்தோலில் இருக்கும் கால்சியம் கதவு திறக்கிறது. கொஞ்சம் கால்சியம் உள்ளே வருகிறது. அந்தக் கொஞ்சம், செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கின் கதவைத் திறக்கிறது. ரயனோடின் ஏற்பி என்பது அந்தக் கிடங்குக் கதவின் பெயர். மடை திறந்த மாதிரி கால்சியம் கொட்டுகிறது. ட்ரோபோனின் சி பிடித்துக்கொள்கிறது. இதயம் சுருங்குகிறது. உடனே இரண்டு கதவுகளும் மூட வேண்டும், கொட்டியதை பம்ப் செய்து திரும்பக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், இதயம் தளர வேண்டும். ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்து அடுத்த துடிப்பு.

கதவுகளை மூடுவது யார்? கால்மாடுலின். முதல் கதவில் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கும், கால்சியம் இல்லாமலே. வாட்ச்மேன் கதவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பது போல. உள்ளே வந்த கால்சியம் அதன் கையில் விழுந்ததும், "போதும்" என்று கதவைச் சாத்தும். கிடங்குக் கதவிலும் அது உட்கார்ந்து, வேண்டாத நேரத்தில் கசியாமல் பார்த்துக்கொள்கிறது.

இப்போது ஒரு பழுதான கால்மாடுலினை நினைத்துப் பாருங்கள். கால்சியத்தைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆனால் ஸ்டூலில் உட்காரத் தெரியும். உட்கார்ந்துகொள்கிறது. கால்சியம் வருவதே அதற்குத் தெரியாது, கதவை மூடாது. நல்ல கால்மாடுலின் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, ஸ்டூல் காலியில்லை.

இதுதான் என் தலையில் மணி அடித்த இடம். பதினைந்து வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு ப்ராஜெக்டில் ஆறு சர்வர்களில் ஒன்று கெட்டுப்போனது. செத்துப்போயிருந்தால் லோட் பேலன்சர் அதைத் தூக்கிவிட்டு மற்ற ஐந்துக்கு அனுப்பியிருக்கும். அது சாகவில்லை. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டே, வந்த வேலைகளுக்குத் தப்புத் தப்பாக விடை கொடுத்தது. கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. செத்த சர்வருக்கு மாற்று இருக்கிறது. பொய் சொல்லும் சர்வருக்கு எத்தனை மாற்று வைத்தாலும் போதாது.

ஒரு சின்னக் கணக்கு

ஆறு பிரதியும் சம அளவில் புரதம் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், கணக்குக்காகச் சொல்கிறேன். அப்படியென்றால் ஆறில் ஒரு கால்மாடுலின் பழுது. மேல்தோல் கதவுகளில் ஆறில் ஒன்று நேரத்துக்கு மூடாது.

கிடங்குக் கதவு இன்னும் மோசம். ரயனோடின் ஏற்பி நான்கு துண்டுகள் சேர்ந்தது, நான்கிலும் ஒவ்வொரு கால்மாடுலின் உட்காரும். நான்கும் நல்லதாக அமைய வாய்ப்பு எவ்வளவு? ஆறில் ஐந்தை நான்கு தடவை பெருக்க வேண்டும். 625-ஐ 1296-ஆல் வகுத்தால் சுமார் 48 சதவீதம். அதாவது பாதிக்கு மேற்பட்ட கிடங்குக் கதவுகளில் ஒரு பழுதான வாட்ச்மேனாவது இருப்பார்.

ஆறில் ஒன்று என்ற சின்னப் பிழை, நான்கு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஒரு டிஷ்யூ பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை.

விளைவு, எந்தக் கதவு அதிகம் பாதிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து. மேல்தோல் கதவு மூடத் தாமதித்தால் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக அதிக நேரம் எடுக்கும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். கிடங்குக் கதவு கசிந்தால், ஓடும்போதும் பயப்படும்போதும் அட்ரினலின் ஏறும் நேரத்தில் தாறுமாறான துடிப்பு கிளம்பும். இந்த இரண்டாவது வகையில் சும்மா படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நார்மலாகவே இருக்கலாம். இறந்த பிறகு இதயத்தை அறுத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தசை நன்றாக இருக்கும், ரத்தக் குழாய் நன்றாக இருக்கும். மின்சாரம் கெட்டுப்போனதற்குப் பிணத்தில் தடயம் கிடையாது.

'தடயம் கிடையாது' என்பதற்கு ஒரு பெண் கொடுத்த விலைதான் அடுத்தது.

நான்கு குழந்தைகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கேத்லீன் ஃபோல்பிக் என்ற பெண்ணுக்கு நான்கு குழந்தைகள். 1989-லிருந்து 1999-க்குள் நான்கும் இறந்தன. முதல் குழந்தைக்கு 19 நாள். கடைசிக் குழந்தைக்கு ஒன்றரை வயது. இரண்டு ஆண், இரண்டு பெண். குழந்தைகளை மூச்சுத் திணற வைத்துக் கொன்றார் என்று வழக்கு. அப்படிக் கொன்றதற்கு நேரடி மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. அவருடைய டைரியில் இருந்த, குற்ற உணர்ச்சி நிறைந்த வரிகளை எடுத்து வைத்தார்கள். அதோடு ஒரு வாதம்: ஒரே வீட்டில் நான்கு குழந்தைகள் இயற்கையாக இறப்பது நம்பவே முடியாத தற்செயல்.

2003 மே மாதம் மூன்று கொலைகளுக்கும், கொலையாகாத மரணம் விளைவித்த ஒரு குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டார். முதலில் 40 வருடம், மேல்முறையீட்டில் 30 ஆகக் குறைந்தது. நாட்டிலேயே மோசமான தாய் என்று பத்திரிகைகள் எழுதின.

தேதியைக் கவனியுங்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்தாயிற்று என்று அறிவித்தது 2003 ஏப்ரல். தீர்ப்பு அதற்கு அடுத்த மாதம். கால்மாடுலின் பிழையால் மனிதர் சாகலாம் என்று உலகுக்குத் தெரிந்தது 2012. அந்த நீதிமன்றத்தில் இருந்த யாருக்கும், எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், இந்தக் காரணம் தோன்றியிருக்க வழியே இல்லை. தெரியாத காரணத்தை நாம் 'காரணம் இல்லை' என்று எழுதிக்கொள்கிறோம். பிறகு அந்த வெற்றிடத்தில் ஒரு ஆளை நிறுத்துகிறோம்.

2018-ல் கான்பராவில் இருந்த நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் கரோலா வினுவேசாவிடம் இந்த வழக்கு வந்தது. ஃபோல்பிக்கின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். கால்ம்2-ல் ஒரு எழுத்து மாறியிருந்தது. 114-வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின். மூன்றாவது, நான்காவது கைகளுக்கு நடுவில் உள்ள இடம் அது. கிளைசின்தான் அமினோ அமிலங்களிலேயே சிறியது. ஆர்ஜினின் பெரியது, நேர் மின்னூட்டம் வேறு. பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த குழந்தைகளின் மாதிரிகளையும் பார்த்தார்கள். இரண்டு பெண் குழந்தைகளுக்கும் அதே பிழை. ஆண் குழந்தைகளுக்கு இல்லை.

உடனே கதவு திறந்துவிடவில்லை. 2019-ல் நடந்த முதல் விசாரணை தண்டனையில் சந்தேகம் இல்லை என்றது. எதிர்க்கேள்வி நியாயமானதுதான்: அதே பிழை தாய்க்கும் இருக்கிறதே, அவர் உயிரோடுதானே இருக்கிறார்? ஆனால் மரபணுப் பிழை எல்லாரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. சிலர் வாழ்நாள் முழுக்கத் தாங்குவார்கள், சிலருக்கு ஒரு காய்ச்சல் போதும். அந்தப் பெண் குழந்தைகள் இருவருக்கும் இறப்பதற்கு முன்னால் ஏதோ ஒரு தொற்று இருந்தது. கடைசிக் குழந்தையின் இதயத் தசையில் அழற்சி இருந்ததைப் பிரேதப் பரிசோதனையே பதிவு செய்திருந்தது.

ஊகம் மட்டும் போதாதே, சோதித்துப் பார்க்க வேண்டும். ஸ்வீடன் குடும்பத்து ஆய்வில் பங்கேற்ற மைக்கேல் டாஃப்ட் ஓவர்கார்ட், டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தில் அந்தப் பழுதான கால்மாடுலினைத் தயாரித்து, அது கால்சியத்தை எப்படிப் பிடிக்கிறது, இரண்டு கதவுகளிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்று தன் குழுவோடும் வேறு நாட்டு ஆய்வகங்களோடும் சேர்ந்து அளந்தார். அதே 114-வது இடத்தில் வேறொரு மாற்றம் குழந்தைகளின் இதயத்தை நிறுத்தியது ஏற்கெனவே பதிவாகியிருந்தது. இந்தப் பிழையும் அதைப் போலவே நடந்துகொண்டது. 2020 நவம்பரில் ஆய்வு வெளியானது. 2021 மார்ச்சில் நோபல் பரிசு பெற்ற இருவர் உட்பட 90 விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் அவரை விடுவிக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள்.

முன்னாள் தலைமை நீதிபதி டாம் பாத்தர்ஸ்ட் நடத்திய இரண்டாவது விசாரணையில் ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் சுயேச்சையான ஆலோசகராக உட்கார்ந்தது. நிபுணர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசவில்லை, பிழையின் வீரியம் பற்றிக் கருத்து வேறுபாடு கடைசிவரை இருந்தது. ஆனால் நீதிமன்றத்துக்கு வேண்டியது முழு நிச்சயம் இல்லை, நியாயமான சந்தேகம். இரண்டு பெண் குழந்தைகளுக்கு கால்மாடுலின் பிழை, ஒரு பையனுக்கு வலிப்பும் நரம்பு நோயும் காரணமாக இருந்திருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்றார் பாத்தர்ஸ்ட். மூன்று மரணங்கள் அப்படிப் போனால், 'நான்கும் தற்செயலாக இருக்க முடியாது' என்ற வாதமே சரிந்துவிடுகிறது. அதன்மேல் கட்டிய நான்காவது குற்றமும் கூடவே விழுந்தது.

2023 ஜூன் 5 அன்று பொதுமன்னிப்பு கொடுத்து விடுவித்தார்கள். டிசம்பர் 14 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லாத் தண்டனைகளையும் ரத்து செய்தது. இடையில் போனது இருபது வருடம்.

'நம்பவே முடியாத தற்செயல்' என்ற வாதத்தில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனிச் சம்பவமாக எடுத்துப் பெருக்கினால்தான் அது நம்ப முடியாததாகும். ஒரே அம்மா அப்பா, ஒரே மரபணுக்கள். எங்கள் தொழிலில் நான்கு மெஷின் ஒரே வாரத்தில் விழுந்தால் முதல் கேள்வி, "இந்த நாலுக்கும் பொதுவா என்ன இருக்கு?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஒரு காலம் வர வேண்டியிருந்தது.

பழுதான சர்வரைக் கழற்றிவிடலாம்

மருத்துவம் இப்போது என்ன செய்கிறது? பீட்டா பிளாக்கர் மருந்துகள், நெஞ்சுக்குள் வைக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவி போன்றவைதான் வழி. எல்லாருக்கும் முழுசாக வேலை செய்வதில்லை.

ஆனால் ஆராய்ச்சியில் ஒரு அழகான யோசனை ஓடுகிறது. மூன்று மரபணுவும் ஒரே புரதத்தைத்தானே தயாரிக்கின்றன? அப்படியானால் பழுதான எழுத்தைத் தேடித் திருத்த வேண்டாம், அந்த மரபணுவையே மொத்தமாக அமைதியாக்கிவிடலாம். மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும். 2017-ல் ஒரு நோயாளியின் செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த இதய செல்களில், க்ரிஸ்பர் முறையால் கால்ம்2-ஐ அடக்கிப் பார்த்தார்கள். மின் துடிப்பு சரியான நீளத்துக்குத் திரும்பியது.

பொய் சொல்லும் சர்வரை நாங்கள் கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? சரிசெய்யவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினோம். மற்ற ஐந்தும் தாங்கின. ஆறு பிரதி வைத்ததன் பலன் அப்போதுதான் கிடைத்தது. மனிதர்களுக்கான சிகிச்சையாக இது வர இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் தர்க்கம் அதேதான்.

அம்மா கேட்ட கேள்வி

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் கால்சியம் மாத்திரையை நிறுத்திடவாடா?" என்றார்.

வேண்டாம். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை பாராதைராய்டு சுரப்பியும் சிறுநீரகமும் எலும்பும் சேர்ந்து கறாராகப் பார்த்துக்கொள்கின்றன. இங்கே நான் சொன்னது, பிறக்கும்போதே எழுத்து மாறிப்போன புரதத்தின் கதை. பால் குடிப்பதாலோ மாத்திரை போடுவதாலோ வருவதில்லை, விடுவதாலும் போவதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயந்தோ, அழுதோ ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் "வெயில்ல நின்னான், சாப்பிடாம போனான்" என்று விட்டுவிடாதீர்கள். குடும்பத்தில் யாராவது சின்ன வயதில், தூக்கத்திலோ விளையாட்டிலோ காரணம் தெரியாமல் போயிருந்தால் அதையும் சேர்த்து இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி நார்மல் என்றால் ஓட வைத்தும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். மரபணுச் சோதனை வேண்டுமா என்பதை அவர் சொல்வார். பெரும்பாலும் கால்மாடுலின் இருக்காது, இதயத்தின் மின்சாரத்தைக் கெடுக்கும் வேறு மரபணுக்கள் அதைவிட சகஜம். ஆனால் கேட்டால்தான் தெரியும்.

எல்லார் வீட்டுக் கதையிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் தம்பி. ஒன்பது வயதில், கிணற்றில் நீந்திக்கொண்டிருந்தபோது போய்விட்டார். நன்றாக நீந்தத் தெரிந்த பையன். ஐம்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. கூட இருந்து பார்த்துக்கொள்ளவில்லை என்று பாட்டியைக் கடைசிவரை யாரோ ஒருவர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அது இதயமா, கால் சிக்கியதா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தில் 'குடும்பத்தில் இளவயது மரணம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியவன் நான்தான். போன மாதம் அப்பாவை செக்கப்புக்குக் கூட்டிப்போனபோது அதை 'ஆம்' என்று மாற்றி எழுதினேன்.